சித்ரா டீச்சர் பார்க்கலாம்னு சொன்ன படம்

என் தம்பி பொண்டாட்டி சித்ரலேகாவுக்கு ஐம்பத்திமூணு வயசு. அந்த வயசுல ஒரு பொம்பளை நோட்டும் பென்சிலுமா டிவி முன்னால உக்காந்து, கார்ட்டூன் படத்தை நிறுத்தி நிறுத்திப் பாக்குததை நீங்க எங்கயாவது கண்டிருக்கியளா? நான் தினமும் கண்டேன். மாடியில அவளும் என் தம்பி சிவசங்கரனும், கீழ நான். என் பேரு ஆவுடைத்தாய். கலெக்டர் ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் டைப் அடிச்சு ரிட்டயர் ஆனவ. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு சிந்துபூந்துறையில எல்லாருக்கும் தெரியும். அதனால நான் சொல்லுததுல காரம் இருக்கும், பொய் இருக்காது.

சித்ரா பாலர் பள்ளியில இருபத்திரண்டு வருஷம் டீச்சரா இருந்தவ. எல்.கே.ஜி. பிள்ளைகதான் அவளுக்கு. ஒரு திங்கக்கிழமை அவ வகுப்புல ஒரு பிள்ளை ஒண்ணுக்குப் போகமாட்டேன்னு கிடந்து அழுதிருக்கு. கக்கூஸ் குழிக்குள்ள இருந்து கை வந்து பிடிச்சு இழுக்குமாம். விசாரிச்சுப் பாத்தா, ஒரு பிறந்தநாள் வீட்டுல பத்துப் பிள்ளைகளை உக்கார வச்சு ஒரு படம் போட்டிருக்காவ. கார்ட்டூன்தானே, பாக்கட்டும்னு போட்டுட்டு, பெரியவங்க பூராம் அடுத்த ரூம்ல கேக் தின்னுட்டு இருந்திருக்காவ. அது பெரியாளுகளுக்காக எடுத்த கார்ட்டூன். கையால வரைஞ்ச படம்னா அது பிள்ளைகளுக்குத்தான்னு நம்ம சனங்களுக்கு ஒரு நினைப்பு.

அன்னைக்குப் பிடிச்சதுதான் இந்தக் கிறுக்கு. முட்டுவலி வந்து வேலையை விட்ட பொறவு முழுநேரச் சோலியாவே ஆயிட்டு. வாட்ஸ்அப்புல 'பார்க்கலாமா'ன்னு ஒரு குரூப். முதல்ல அவ பழைய மாணவர்களோட அம்மாமார் இருபது பேர் இருந்தாவ. பொறவு பாளையங்கோட்டை, மேலப்பாளையம், அம்பாசமுத்திரம்னு ஆள் சேர்ந்து இருநூத்துக்கு மேல போயிட்டு. புதுசா ஏதாவது படம் வந்தா, இதைப் பிள்ளைக்குக் காட்டலாமா டீச்சர்னு கேப்பாவ. இவ பாத்துட்டுச் சொல்லுவா.

பாக்குததுக்கு ஒரு முறை வச்சிருந்தா. ஒவ்வொரு படமும் ரெண்டு தடவை. முதல் தடவை சத்தத்தோட, நாற்காலியில. ரெண்டாவது தடவை சத்தத்தை நிறுத்திட்டு, தரையில, டிவிக்கு மூணடி தள்ளி உக்காந்து. ஏன் இந்த முட்டுவலியை வச்சிக்கிட்டு தரையில கிடந்து சீரழியுதன்னு நான் ஏசினா, பிள்ளை இந்த உசரத்துல இருந்துதானே பாக்கும் மதினி, அதுக்குப் பேச்சு பாதி புரியாது, மூஞ்சிகளைத்தான் பாக்கும்னு சொல்லுவா. நோட்டுல கட்டம் போட்டு அஞ்சு தலைப்பு எழுதியிருப்பா. சண்டை, கெட்ட வார்த்தை, உடுப்பு, பயம், சாவு. ஒவ்வொண்ணும் எத்தனை தடவை வருது, எத்தனாவது நிமிஷத்துல வருதுன்னு குறிச்சு வைப்பா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேத்திட்டு அவ குரலைப் பதிஞ்சு அனுப்புவா. "ஆறு வயசுக்கு மேல பார்க்கலாம். நாற்பத்திரண்டாவது நிமிஷத்துல ஓநாய் வருது, அப்பம் பிள்ளையை மடியில வச்சிக்கிடுங்க, அடுப்பைப் பாக்க எந்திரிச்சுப் போயிராதீங்க." இப்படி இருக்கும். ஒரு தடவை கொம்பு வச்ச அரக்கன் வார படத்தைச் சரின்னுட்டா, பாக்க சாதுவா இருந்த ஒரு படத்தை வேண்டாம்னுட்டா. சண்டைக்கு வந்தாவ. குலசை தசராவுல காளி வேஷம் கட்டினவர் நாக்கைத் தொங்கப் போட்டுட்டு வாசல்ல வந்து நின்னா நம்ம பிள்ளைக தட்டுல காசு போட்டுட்டுச் சிரிக்குதுக, அதுகளுக்குக் கொம்பெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொன்னா. அந்தச் சாதுப் படத்துல தூங்குத அம்மாவைப் பிள்ளை எழுப்பும், திரும்பிப் பாத்தா அம்மா மூஞ்சி வேற யார் மூஞ்சியாவோ இருக்கும். அதைப் பாத்த பிள்ளை ஒரு மாசத்துக்கு அம்மா பக்கத்துல படுக்காதுன்னு சொன்னா. கேட்டவங்க வாயை மூடிட்டாவ. நானும்தான்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லிக்காட்டவும் குரூப்புல ஆள் இருந்தாவ. இவ எதையும் மனசுல வச்சிக்கிட மாட்டா. நான்தான் ரெண்டு நாள் உறுமிக்கிட்டுத் திரிவேன்.

எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி தில்லைநாயகம் வீடு. மேல்நிலைப்பள்ளியில உயிரியல் வாத்தியார். சின்னப் பயலா டவுசர் போட்டுத் திரிஞ்ச காலத்துல இருந்து நான் அறிவேன் அவனை. அவன் பொண்டாட்டி அனுராதா இந்தச் சித்திரையில செத்துப்போனா. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவ, பதினோரு நாள் கிடந்தா, திரும்பி வரல. முப்பத்தஞ்சு வயசு. மகள் காந்திமதிக்கு ஏழு வயசு, வீட்டுல மதின்னு கூப்பிடுவாவ. பிள்ளையை அந்தப் பதினோரு நாளும் ஆழ்வார்திருநகரியில பெரியம்மா வீட்டுல விட்டிருந்தாவ. உடம்பைக் கூட அதுக்குக் காட்டல. பிஞ்சு மனசு தாங்காதுன்னு பெரியவங்க முடிவு பண்ணினாவளாம். காடாத்தி, சாம்பலை ஆத்துல கரைச்சு, வீட்டைக் கழுவிவிட்ட பொறவுதான் கூட்டிட்டு வந்தாவ.

வந்ததும் அம்மா எங்கன்னு கேட்டிருக்கு. தில்லை பதில் சொல்ல முடியாம நின்னுட்டு, அம்மா ஆத்துல இருக்கான்னு சொல்லியிருக்கான். வேற யாரும் அதை மாத்திச் சொல்லல. தெருவுல பிள்ளையைப் பாக்குதவ எல்லாரும் தலையைத் தடவி அதையேதான் சொன்னாவ. யாரைக் குத்தம் சொல்ல, நானே சொன்னேன். அம்மா தாமிரபரணியில இருந்து உன்னைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா, அழாதன்னு இந்த வாயாலதான் சொன்னேன். இங்கன சாம்பலைக் கரைச்ச வீட்டுல இது சாதாரணமா சொல்லுத பேச்சு. பெரியவங்க சொல்லுவோம், பெரியவங்க கேட்டுக்கிடுவோம், அதுக்கு என்ன அர்த்தம்னு யாரும் நின்னு யோசிக்க மாட்டோம்.

மதி அழவும் இல்லை, பேசவும் இல்லை. ஆறேழு மாசம் அப்படியே போச்சு. ஐப்பசியில ஒரு நாள் தில்லை சித்ராவுக்குப் போன் பண்ணினான். பிள்ளை ஊமை மாதிரி உக்காந்திருக்கா டீச்சர், மனசு லேசாகுத மாதிரி ஏதாவது படம் இருந்தா சொல்லுங்கன்னு கேட்டான்.

இவ அந்த வாரம்தான் ஒரு படம் பாத்திருந்தா. எந்த நாட்டுப் படமோ, தமிழ்ல பேச வச்சிருந்தாவ. ஒரு சின்னப் பிள்ளை, அதோட அம்மா காணாமப் போயிருதா. பிள்ளை மூச்சைப் பிடிச்சிக்கிட்டு ஏரிக்குள்ள முங்குது. நூறு எண்ணுதது வரைக்கும் மூச்சைப் பிடிச்சிருந்தா அடியில ஒரு வீடு தெரியும். சிப்பியால கட்டின வீடு. அங்கன அம்மா விளக்கு வச்சிக்கிட்டு இருக்கா. பிள்ளைக்குத் தலை வாரிப் பின்னி விடுதா. எப்பம் தோணுதோ அப்பம் வா மக்கான்னு சொல்லி அனுப்புதா. அவ்வளவுதான் கதை. சண்டை இல்லை, ஏச்சு இல்லை, உடுப்பெல்லாம் அடக்கம். நானும் கூட உக்காந்து பாத்தேன். சித்ரா ரெண்டாவது தடவை தரையில உக்காந்து பாக்கும்போது கண்ணைத் துடைச்சிக்கிட்டே இருந்தா. நோட்டுல அஞ்சு கட்டத்துலயும் பூஜ்யம்.

"மதிக்கு இதைக் காட்டுங்க சார், ஆறுதலா இருக்கும்"னு அவளே கூப்பிட்டுச் சொன்னா. நான் பக்கத்துலதான் நின்னேன். நல்ல காரியம் பண்ணுதோம்னுதான் ரெண்டு பேரும் நினைச்சோம்.

தில்லை அன்னைக்கு ராத்திரியே படத்தைப் போட்டுக் காட்டினான். அதுல இருந்து ஒம்பதாவது நாள், ஞாயித்துக்கிழமை மத்தியானம். மேல மழை பெய்து அணையில தண்ணி திறந்திருந்தாவ, ஆத்துல படி மூழ்குத அளவுக்குத் தண்ணி. தில்லை சாப்பிட்டுட்டுச் சித்த கண்ணசந்திருக்கான். மதி வாசக்கதவைப் பைய திறந்து, கையில சீப்பும் ரிப்பனும் எடுத்துக்கிட்டு, ரெண்டு தெருவைத் தாண்டி, நேரா படித்துறைக்குப் போயிட்டு. செருப்பை ஜோடியா மேல்படியில கழத்தி வச்சிட்டு இறங்கியிருக்கு.

கீழ்ப்பக்கம் சுடலைமாடன்னு ஒரு ஆட்டோ டிரைவர் வண்டியைக் கழுவிக்கிட்டு நின்னிருக்கார். படியில ஒரு பிள்ளை நின்னுச்சே, இப்பம் காணலியேன்னு ஒரு நிமிஷம் தோணியிருக்கு. கட்டியிருந்த சாரத்தோட குதிச்சிட்டார். முடிதான் கையில மாட்டியிருக்கு, அதைப் பிடிச்சு இழுத்துக் கரையில போட்டிருக்கார். பிள்ளை அவர் கையைக் கடிச்சிட்டு. இவ்வளவு ஆழமாக் கடிச்சிருந்தது, நானே பாத்தேன். "இன்னும் கொஞ்சம் இருந்தா அம்மா வீடு தெரிஞ்சிருக்கும்"னு சொல்லிச் சொல்லி அவரை அடிச்சிருக்கு. அவர் பாவம், கை ரத்தத்தோட பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரு முழுக்கக் கேட்டுட்டு வந்தார்.

படத்தைக் காட்டச் சொன்னது சித்ரான்னு தெரு முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கு சாயங்காலம் குரூப்புல ஆரம்பிச்சாவ பாருங்க. டார்லின்னு ஒருத்தி, போன மாசம் வரைக்கும் டீச்சர் இல்லாட்டி எங்க பிள்ளைக என்னாகும்னு எழுதினவ, பெத்தவளா இருந்தா இப்படி ஒரு படத்தைக் காட்டச் சொல்லுவாளான்னு எழுதினா. நாற்பது பேர் குரூப்பை விட்டுப் போனாவ. நான் போனைப் பிடுங்கி நல்லா நாலு வார்த்தை எழுதலாம்னு போனேன். சித்ரா கொடுக்கல. நோட்டைத் திறந்து மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா.

"இத்தனை படம் பாத்திருக்கேன் மதினி, யாருமே சாகாத படம் இது ஒண்ணுதான்னு சந்தோஷப்பட்டேன்"னு சொன்னா. பொறவு ரெண்டு நாள் அடுப்படிப் பக்கமே வரல. நான் பொங்கிக் கொண்டுபோய் மாடியில வச்சா, தட்டு அப்படியே இருக்கும். பிள்ளைக்கிட்ட பொய் சொன்னது தில்லை, அவன் மேல யாரும் ஒரு சொல் சொல்லல. என் மேலயும்தான் சொல்லல.

புதன்கிழமை நானே தில்லை வீட்டுக்குப் போனேன். நல்லா கேட்டுப்புடணும்னுதான் போனேன். அவனைப் பாத்ததும் கேக்கத் தோணல. சவரம் பண்ணாத மூஞ்சி, லீவு போட்டுட்டு வீட்டுக்குள்ளயே கிடக்கான். முன்கதவுல புதுப் பூட்டு, பின்கதவுல புதுப் பூட்டு. குளியல் ரூம்ல தண்ணி சத்தம் கேட்டுக்கிட்டு இருந்தது. திடீர்னு சத்தம் நின்னு போச்சு. அவன் எந்திரிச்சு ஓடினான், நானும் பின்னால ஓடினேன். மதி வாளி முன்னால முட்டி போட்டு, முகத்தைத் தண்ணிக்குள்ள முக்கிக்கிட்டு இருந்தது. ஒரு கை விரலை ஒவ்வொண்ணா மடக்கிக்கிட்டு இருந்தது. இவன் பிடிச்சுத் தூக்கினான். பிள்ளை மூச்சு வாங்கிக்கிட்டே, நாற்பத்தாறுன்னு சொல்லிச்சு. நேத்து முப்பத்தெட்டுதான் வந்துதாம்.

வாளியை ஒளிச்சு வைக்கலாம், கதவைப் பூட்டலாம், எத்தனை நாளைக்கு? ஆறு ரெண்டு தெரு தள்ளி ஓடுது. தில்லை அது கதைம்மா, பொய்ம்மான்னு ஆயிரம் தடவை சொல்லியிருக்கான். நீங்கதானே அம்மா ஆத்துல இருக்கான்னு சொன்னீங்கன்னு பிள்ளை கேக்கு. சித்ரா டீச்சர் பார்க்கலாம்னு சொன்ன படம், டீச்சர் பொய்ப்படத்தைப் பார்க்கச் சொல்ல மாட்டாங்கன்னு கேக்கு.

மறுநாள் காலையில பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டான். சித்ராவை மாடிப்படிக்கிட்ட கூப்பிட்டு, அந்தப் படம் பொய்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க டீச்சர், நீங்க சொன்னா கேப்பான்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னான். இவ யோசிச்சா.

"படம் பொய்னு சொன்னா மட்டும் போதாது சார். ஏரி பொய், ஆறு மெய்னு ஆயிரும். நீங்க சொன்னதும் பொய்னு சொல்லணும். முழுசாச் சொல்லணும்"னு சொன்னா.

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். சாவுன்னா என்னன்னு வகுப்புல எத்தனையோ தடவை பாடமா நடத்தியிருக்கேன், எம் பிள்ளை மூஞ்சியைப் பாத்து அந்தச் சொல்லை என்னால சொல்ல முடியலன்னு சொன்னான். நீங்களே சொல்லிருங்க, நான் இங்கன நிக்கேன்னு படியிலயே நின்னுக்கிட்டான். எனக்கு வந்த கோவத்துக்கு அவனை ஓங்கி ஒரு அறை விட்டிருப்பேன். ஆனா நான் மட்டும் அதைச் சொல்லிருவேனா? என்னாலயும் முடியாது.

மதி மாடி ரூம்ல தரையில உக்காந்திருந்தா. சித்ரா நாற்காலியை விட்டுட்டு, முட்டுக்காலைப் பிடிச்சிக்கிட்டு பைய இறங்கி அவ எதுத்தாப்புல தரையில உக்காந்தா. நான் கதவோரமா நின்னேன்.

"மதி, அந்தப் படத்தை நான் உனக்குப் பார்க்கச் சொன்னது தப்பு. நான் சரியாப் பாக்கல."

பிள்ளை இவ மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தது.

"அம்மா செத்துப் போயிட்டாங்க. ஆஸ்பத்திரியிலயே செத்துப் போயிட்டாங்க. செத்துப் போறதுன்னா மூச்சு நின்னு போறது. பொறவு பசிக்காது, வலிக்காது, பேச வராது, எந்திரிக்க வராது. திரும்பி வரவும் வராது. அந்த உடம்பைப் பெரியவங்க எரிச்சாங்க. எரிச்ச சாம்பலைத்தான் ஆத்துல விட்டாங்க. ஆத்துல வீடு இல்லை. அம்மா அங்கன இல்லை."

நான் முந்தானையைச் சுருட்டி வாயில வச்சிக்கிட்டேன். சித்ரா குரல் ஒரு இடத்துலயும் உடையல. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்குத அதே குரல்ல, நிறுத்தி நிறுத்திச் சொன்னா. இவளையா பிள்ளை பெறாதவ என்னத்தைக் கண்டான்னு சொன்னாவ.

"எரிக்கும்போது அம்மாவுக்குச் சுட்டுச்சா?"

"இல்லை. செத்தவங்களுக்குச் சுடாது."

"நான் நூறு எண்ணினாலும் அங்கன இருக்க மாட்டாங்களா?"

"இருக்க மாட்டாங்க மதி. ஆயிரம் எண்ணினாலும் இருக்க மாட்டாங்க. தண்ணிக்குள்ள மூச்சைப் பிடிச்சா நீயும் செத்துப் போவ. வேற ஒண்ணும் நடக்காது."

கீழ தெருவுல ஒருத்தன் கீரை வித்துக்கிட்டுப் போனான், அவன் சத்தம் தேஞ்சு போறது வரைக்கும் கேட்டது. பிள்ளை ரெண்டு கையாலயும் பாவாடையை இறுக்கிப் பிடிச்சிருந்தது. கண்ணுல தண்ணி நிறைஞ்சு நின்னுது, அழ ஆரம்பிக்கல. எட்டி வாசலைப் பாத்துட்டு, சித்ரா பக்கம் நகர்ந்து உக்காந்து, சின்னக் குரல்ல சொன்னது.

"டீச்சர், இதை அப்பாகிட்ட சொல்லிராதீங்க."

"ஏன் மதி?"

"அப்பாவுக்குத் தெரியாது. ஆத்துலதான் இருக்காங்கன்னு நினைச்சிக்கிட்டு இருக்காங்க. தெரிஞ்சா அழுவாங்க."

தில்லை படியில நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கான். உள்ள வந்தான். பிள்ளை முன்னால முட்டி போட்டு உக்காந்தான்.

"எனக்குத் தெரியும் மக்கா. அம்மா செத்துட்டா. எனக்குத் தெரியும்."

மதி அவனை ஏற இறங்கப் பாத்தா. அவன் தோளைத் தொடப் போன கையைப் பாதியில நிறுத்திக்கிட்டா.

"எப்பம் இருந்துப்பா தெரியும்?"

அவன் வாயைத் திறந்தான். நாங்க மூணு பேரும் அவனைப் பாத்துக்கிட்டு இருந்தோம்.